இருபத்துநாலு சென்ரிமீற்றர்

தன் கையெழுத்தைப் பார்த்துத் தனக்கே எரிச்சல் வரும் என்று ஸாஜிதா ஒருநாளும் நினைத்ததில்லை. நல்ல கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் அதற்குப் பரிசுகூட வாங்கியிருக்கிறாள். அந்தக் கையெழுத்தில் கொப்பியின் ஒரு பக்கம் முழுக்க இருபத்திரண்டு பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஓர் இலக்கம். அதில் ஒரு வரிதான் இப்போது அவளை முள்ளாகக் குத்தியது. அஸ்மி, கோல் காப்பாளர், இருபத்துநாலு சென்ரிமீற்றர்.

அஸ்மி அவளுடைய தம்பி. மாம்புரி நீலக்கடல் கழகத்துக்கு ஐந்து வருடமாகக் கோல் காப்பது அவன்தான். பதினாறு நாளைக்கு முன்னர், அரையிறுதி ஆட்டத்தில், உயர வந்த பந்தைப் பிடிக்கப் பாய்ந்தவனுடைய நெற்றிப்பொட்டில் எதிர் அணிக்காரனின் முழங்கால் இடித்தது. விழுந்தான், எழும்பினான், சனம் கைதட்டியது, மிச்சப் பத்து நிமிடத்தையும் ஆடி முடித்தான். பஸ்ஸில் ஏறியதும், இன்றைக்கு நாங்கள் யாரோடு ஆடினோம் என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டிருக்கிறான். பகிடி விடுகிறான் என்று பஸ்ஸே சிரித்தது.

ஸாஜிதா சிரிக்கவில்லை. புத்தளத்தில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் அவள் பிசியோதெரபிஸ்ட். சனி ஞாயிறுகளில் கழகத்துப் பொடியன்களின் முழங்காலையும் கணுக்காலையும் சும்மா பார்த்துக் கொடுப்பாள். அன்றே அவனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேன் எடுத்துவிட்டு டொக்டர் சொன்னது நாலு வசனம். உள்ளே இரத்தம் கசியவில்லை. ஆனால் மூளை குலுங்கியிருக்கிறது. அது ஸ்கேனில் தெரியாது. முழுதாகச் சுகமாகும் வரை பந்துப் பக்கம் போகவே கூடாது. இதில் வீட்டாரின் காதில் விழுந்தது முதல் வசனம் மட்டும். உம்மா அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, நாலு வீட்டுக்கு வட்டிலப்பம் அனுப்பினாள். வட்டிலப்பம் போன பிறகு, மற்ற மூன்று வசனத்தையும் எவரிடம் போய்ச் சொல்வது?

முதல் கிழமையில் அஸ்மி உண்மை பேசினான். ஃபோனைப் பார்த்தால் தலையிடிக்கிறது என்றான். ஸாஜிதா அவன் முகத்துக்கு முன்னால் இரண்டு விரலைத் தள்ளித் தள்ளி வைத்து, இதைப் பார், அதைப் பார் என்றாள். சுகமான கண் ஒரே தாவலில் போய்ச் சேரும். அவனுடைய கண் பாதி வழியில் நின்று, திருத்திக்கொண்டு, பிறகு போனது. பேனையை மூக்குப் பக்கம் கொண்டு வந்தால் ஒரு சாண் தூரத்திலேயே இரண்டாகத் தெரிகிறது என்றான். இரண்டாம் கிழமை, இறுதி ஆட்டத்தைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு கம்பனி அணியின் மனேஜர் வருகிறார், நல்ல கீப்பர் ஒருவனுக்கு வேலையோடு அணியில் இடம் இருக்கிறது என்று செய்தி வந்தது. அன்றிலிருந்து அஸ்மிக்குத் தலையிடி இல்லை, இரண்டாகவும் தெரியவில்லை, ஸாஜிதா தடுக்கத் தடுக்கப் பயிற்சிக்கும் போனான். அப்படியொரு சுகம்.

சரி, வாயால் பொய் சொல்லலாம், அளவிடம் சொல்ல முடியாதே என்று ஸாஜிதா இருந்தாள். அந்த அளவுச் சட்டத்தைக் கொண்டு வந்ததே அவள்தான். போன வருடம் கழகக் கூட்டத்தில் நாற்பது ஆண்களுக்கு நடுவே எழும்பி, தலையில் அடிபட்டவனுக்குத் தண்ணீர் தெளித்துத் திரும்ப ஆட அனுப்புகிற வேலை இனி வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தலை குலுங்கினால் கண்ணும் கையும் மந்தமாகும், மந்தமானது அந்த ஆளுக்கே தெரியாது, அளந்தால்தான் தெரியும். சீசனுக்கு முன்னர் எல்லாரையும் அளந்து வைப்போம், அடிபட்டவன் தன்னுடைய பழைய அளவுக்குத் திரும்பினால்தான் ஆடலாம், அதற்கு நான் கையெழுத்து வைக்க வேண்டும் என்றாள். கழகம் ஒத்துக்கொண்டது. கம்பியூட்டரில் அளக்கிற இடங்களும் உலகத்தில் இருக்கின்றன. நீலக்கடலிடம் இருந்தது முப்பது சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒன்று. அதை நிமிர்த்திப் பிடித்துச் சொல்லாமல் கொள்ளாமல் கைவிட வேண்டும். கீழே விரலை விரித்து வைத்திருப்பவன் விழுகிற அடிமட்டத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டும். எத்தனையாம் சென்ரிமீற்றரில் பிடிக்கிறானோ அதுதான் அவனுடைய அளவு. பிந்தினால் இலக்கம் கூடும்.

வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மைதானத்தில் வைத்து அஸ்மியை அளந்தாள். ஐந்து தரம் விட்டாள். கூட்டிப் பிரித்தால் இருபத்துநாலு. பயிற்றுநர் செய்னுலாப்தீன் சேர் பக்கத்தில் கைகட்டி நின்றார். விளையாட்டு வாத்தியாராக முப்பது வருடம் இருந்து இளைப்பாறியவர், குரலை உயர்த்தாத மனுஷன்.

"பழைய அளவு எவ்வளவு மகள்?"

ஸாஜிதா கொப்பியைத் திறந்தாள். திறக்காமலே தெரியும். "இருபத்துநாலு, சேர்."

"அப்ப சரிதானே."

"சரியில்ல சேர். அவன்ட கண்ணப் பாருங்க. பேனையக் கிட்டக் கொண்டு வந்தா ஒரு சாண் தூரத்திலயே ரெண்டாத் தெரியுது. சுகமான ஆளுக்கு ரெண்டு விரக்கடை வரைக்கும் ஒண்டாத்தான் தெரியும்."

"நான் அப்பிடிச் செல்லவே இல்ல," என்றான் அஸ்மி.

"சீசனுக்கு முன்ன அவன்ட கண்ணையும் அளந்து வெச்சீங்களா?" என்று கேட்டார் சேர்.

"இல்ல."

"அப்ப அது எப்பவுமே அப்பிடித்தானோ என்னமோ. மூக்குக்குக் கிட்ட வாற பந்தக் கீப்பர் புடிக்கத் தேவல்ல மகள், மூஞ்சியே புடிச்சிக்கும்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நீங்க போட்ட சட்டம். அதுல கண்ணப் பத்தி ஒண்டும் இல்ல. அளவு சரிவந்தா கையெழுத்து, இல்லாட்டி இல்ல. நான் அந்தச் சட்டத்துக்கு மேலயும் போகல்ல, கீழயும் போகல்ல."

அவளுடைய நியாயத்தையே எடுத்து அவளுடைய வாயை அடைத்துவிட்டார். அஸ்மி அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான்.

"ராத்தா, நான் உங்கட தம்பி எண்டுதானே இவ்வளவு பயம். இதே இலக்கத்தோட யசோதரன் வந்து நிண்டா இந்நேரம் கையெழுத்து வெச்சிருப்பீங்க."

அது உண்மை. உண்மையாக இருந்ததுதான் அவளுக்கு ஆத்திரம். தம்பிக்கு ஒரு சட்டம், மற்றவனுக்கு ஒரு சட்டம் என்று நடந்தால், அடுத்த சீசனில் அவளுடைய சட்டத்தை எவன் மதிப்பான்? மனம் முழுக்க வேண்டாம் வேண்டாம் என்று சொல்ல, கை கையெழுத்தை வைத்தது. அழுத்திய அழுத்தில் கடதாசி கிழிந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, பகல் சாப்பாட்டு நேரத்தில் யசோதரன் வந்தான். ஊர் உடப்பு, வேலை முந்தலில் ஓர் இறால் பண்ணையில், நீலக்கடலுக்கு வலது பக்கப் பின்வரிசையில் ஆடுகிறவன். அடுத்த நாள் இறுதி ஆட்டம் கற்பிட்டியில், அணி அன்று பின்னேரமே அங்கே போய்த் தங்குவதாக ஏற்பாடு. போகிற வழியில் பெருவிரல் சுளுக்குக்குக் கட்டுப்போட வந்திருந்தான். உம்மா செம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். மடமடவென்று குடித்துவிட்டுச் சிரித்தான்.

"இண்டைக்கு ஒளிக்காமக் குடிக்கலாம்."

"எப்ப ஒளிச்சிக் குடிச்ச?" என்று கேட்டுக்கொண்டே ஸாஜிதா விரலைச் சுற்றினாள்.

"நீங்க அடிமட்டத்தால அளந்த அண்டைக்கு, அக்கா. எல்லாரும் நோன்போட காஞ்சு போய் இருக்காங்க. நான் மட்டும் போத்தலத் தூக்கிக் குடிச்சா நல்லாவா இருக்கும்? சாமான் கொட்டிலுக்குப் பின்னால போய்க் குடிச்சிட்டு, ஒரு பனிஸும் திண்டுட்டு வந்தன். அதாலதான் என்ர அளவு எல்லாரையும் விட நல்லம். நான் ஒராள்தானே முழிப்பா இருந்தன்."

அவன் பகிடியாகத்தான் சொன்னான். ஸாஜிதாவின் கை கட்டுத்துணியோடு அப்படியே நின்றது.

நோன்பு மாதம். ஓம். அன்று அவளுமே நோன்பு. வருடம் முழுக்கக் கடலுக்கும் தோட்டத்துக்கும் பண்ணைக்கும் சிதறிப் போகிற இருபத்திரண்டு பேரும் தவறாமல் ஓரிடத்தில் சேருவது நோன்பு மாதத்துப் பின்னேரங்களில்தான். கழகம் மைதானத்தில் கஞ்சி காய்ச்சும், எவனும் வராமல் இருக்க மாட்டான். அதனால் அந்த நாளைப் பார்த்துத் தெரிந்தெடுத்தாள். தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். விடியற்காலை நாலு மணிக்குச் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பி, பகல் முழுக்க வெயிலில் வேலை செய்து, ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்காமல், நோன்பு திறக்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிற நேரத்தில், இவர்களுடைய கை எவ்வளவு விரைவு என்று அளந்திருக்கிறாள். மடச்சி.

எழும்பிப் போய்க் கொப்பியைக் கொண்டு வந்தாள். யசோதரன், பதினைந்து. தலவிலப் பக்கத்திலிருந்து வருகிற கத்தோலிக்கப் பொடியன், பதினாறு. மற்ற இருபது பேரில் இருபத்தொன்றுக்குக் கீழே ஒருவனும் இல்லை. இத்தனை மாதமாக இந்தப் பக்கம் அவள் கண் முன்னால் கிடந்தது. அதை ஒரு தரம்கூட இப்படிப் பார்க்கவில்லையே என்று தன் தலையில் தானே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அஸ்மி தன் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. பட்டினி கிடந்த நாளின் அளவுக்குத்தான் திரும்பியிருக்கிறான், அதுவும் வயிறு நிறையத் தின்றுவிட்டு.

சேருக்கு ஃபோன் எடுத்தாள். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க கையெழுத்து வெச்ச கடதாசி போட்டிக் குழுவுக்குப் போயிட்டு மகள். நோன்பாலதான் கூடினது எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? யோசினைதானே அது. நாளைக்கி வாங்க, கதைப்பம்."

அஸ்மி அதுகூடக் கேட்கவில்லை. கற்பிட்டி போகிற வேனுக்குள் இருந்து, "முதல்ல கண் எண்டீங்க, இப்ப நோன்பு எண்டுறீங்க. மட்ச் முடியட்டும் ராத்தா, அதுக்குப் பொறகு பெருநாள் எண்டும் செல்லுங்க," என்று சொல்லி வைத்துவிட்டான். பக்கத்தில் யாரோ சிரித்தது கேட்டது.

சனிக்கிழமை பகல் பஸ் பிடித்துக் கற்பிட்டிக்குப் போய் இறங்கினாள். காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. கருவாட்டு வாடை மூக்கைவிட்டுப் போகவில்லை. நீலக்கடலுக்கு உடுப்பு மாற்ற ஒரு வகுப்பறையைக் கொடுத்திருந்தார்கள். சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால் போய் நின்று, பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தாள்.

"எல்லாரும் ஆளுக்கு மூணு தரம். அஞ்சு நிமிசம்தான்."

"இப்பவா ராத்தா?" என்று ஒருவன் கேட்டான். மற்றவர்கள் சேரைப் பார்த்தார்கள். சேர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "செய்ங்க," என்றார்.

முதலாமவன் பழைய அளவு இருபத்திரண்டு. இன்றைக்குப் பதினாறு. அடுத்தவன் இருபத்தைந்து, இன்றைக்குப் பதினேழு. அவள் சத்தமாக வாசித்து வாசித்துப் பழைய இலக்கத்துக்குப் பக்கத்தில் புதியதை எழுதினாள். ஆறாம் ஆளில் சேர் கிட்ட வந்து கொப்பியை எட்டிப் பார்த்தார். பத்தாம் ஆளில் வகுப்பறையில் கதை நின்றுபோனது. யசோதரன் அன்றும் பதினைந்து, இன்றும் பதினைந்து. இரண்டாவது கீப்பர் ஸஜீத் இருபத்துமூன்றிலிருந்து பதினாறுக்கு வந்தான்.

"அஸ்மி," என்றாள்.

"எனக்கு வேணாம். நான் வியாழக்கிழம செஞ்சிட்டன்."

"புடி," என்றார் சேர்.

முதல் தரம் இருபத்துநாலு. இரண்டாம் தரம் இருபத்தாறு. மூன்றாம் தரம் அடிமட்டம் அவன் விரலுக்குள்ளால் முழுதாக வழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்தது.

"கை வேர்த்திரிக்கி," என்றான்.

ஸாஜிதா பேனையை எடுத்தாள். "இதப் பாரு. ரெண்டானா செல்லு." அவனுக்கு மறுக்க வழியில்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேனை மெல்ல மெல்ல மூக்கை நோக்கி வந்தது. "ஒண்டுதான்," என்றான். இன்னும் கிட்ட. "ஒண்டுதான்." சேர் அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்று அவன் முகத்தைப் பார்த்தார். ஒரு சாண் தூரத்தில் வலது கண் பேனையிலேயே நின்றது. இடது கண் கொஞ்சம் தத்தளித்தது, பிறகு பேனையை விட்டுவிட்டு வெளிப் பக்கமாக ஒதுங்கிப் போனது. அதைப் பார்க்க வைத்தியம் படித்திருக்கத் தேவையில்லை. யசோதரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒண்டுதான்," என்றான் அஸ்மி திரும்பவும்.

சேர் சிறு பிள்ளைகள் இருக்கிற வாங்கொன்றில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கும் இது லேசான காரியம் இல்லை, நீலக்கடல் கடைசியாக இறுதி ஆட்டத்துக்கு வந்தது பதினொரு வருடத்துக்கு முன்னர். பிறகு அஸ்மியைப் பார்க்காமலே சொன்னார். "ஸஜீத், கிளவுஸப் போடு. கடதாசிய நான் போய் மாத்திட்டு வாறன்."

அவர் போனதும் அஸ்மி அவளிடம் வந்தான். "நீங்க எழுதின பிழைக்கி நான் எதுக்கு வெளியில இரிக்கணும்?"

"பிழ என்டதான். அதுக்கு உன்ட மண்டையக் குடுக்கேலாது."

"அந்த மனுசன் கொழும்புல இருந்து என்னப் பாக்கத்தான் வந்தாரு. இனி வருவாரா?"

வரமாட்டார் என்றுதான் அவளும் நினைத்தாள்.

ஆட்டம் தொடங்கியது. மைதானத்து ஓரத்தில் பிளாஸ்டிக் கதிரைகள். மருந்துப் பையோடு ஸாஜிதா ஒரு தொங்கலில், அஸ்மி மறு தொங்கலில், நடுவில் நாலு கதிரை. மாம்புரிச் சனம் கயிற்றுக்குப் பின்னால் நின்று, அஸ்மி எங்கே, அஸ்மிக்கு என்ன என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. "தம்பிட வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டாளே," என்று ஒருத்தி அவளுக்குக் கேட்கும்படியே சொன்னாள். ஸாஜிதா திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு எல்லார் மேலும் கோபமாக இருந்தது. ஒரு வசனத்தை மட்டும் கேட்டுக்கொண்ட வீட்டார் மேல், சட்டம் பேசிய சேர் மேல், பொய் சொன்ன தம்பி மேல், எல்லாரையும் விடத் தன் மேல். வியாழக்கிழமையே சரியாகப் பார்த்திருந்தால் அவனை இத்தனை பேருக்கு முன்னால் வைத்துத் தோலுரித்திருக்க வேண்டியதில்லை.

காற்றில் பந்து நிலத்தில் நிற்கவில்லை. இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கலுக்குப் பறந்தது. முதல் பத்து நிமிடமும் அஸ்மி கழுத்தை நீட்டி வைத்துக்கொண்டு பார்த்தான். அதன் பிறகு பார்வை பந்துக்குப் பின்னால் போவதும், விட்டுவிட்டுத் தேடுவதுமாக இருந்தது. முகம் வெளிறியது. கடைசியில் முழங்காலில் முழங்கையை ஊன்றி, இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான். ஸாஜிதா பார்க்காத மாதிரி இருந்தாள். கொஞ்ச நேரத்தில் கதிரை இழுபடும் சத்தம். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தான், கண்ணைத் திறக்காமலே.

"ராத்தா."

"என்ன?"

"பந்து எங்க நிக்கிது?"

அவள் அவனைப் பார்த்தாள். "யசோதரன்ட காலுல," என்றாள். "இப்ப அடிச்சிட்டான். அங்கால போகுது."

"எந்தப் பக்கம்?"

"கடல் பக்கம். அவங்கட ஆள் புடிச்சிட்டான். திரும்பி வாறான்."

"பாத்தா வாந்தி வருது," என்றான்.

"எப்பயிருந்து?"

"அடிபட்ட அண்டையில இருந்து."

"பிறகு பயிற்சியில எப்பிடிப் புடிச்ச நீ?"

"அடிக்கிற சத்தத்துக்குப் பாஞ்சன். பாதி வந்து கையில பட்டிச்சி. மத்தப் பாதிய ஆரும் கணக்கெடுக்கல்ல."

ஒரு கிழமையாக, காதை நம்பிப் பாய்ந்திருக்கிறான். அந்தப் பந்துகளில் ஒன்று நெற்றிக்கு நேரே வந்திருந்தால்? ஸாஜிதாவுக்கு அவனை அங்கேயே வைத்து நாலு சாத்துச் சாத்த வேண்டும்போல் இருந்தது.

"எங்க ராத்தா? கதைங்க."

"நம்மட கோலுக்குக் கிட்ட. மூணு பேர் நிக்காங்க. ஒருத்தன் உள்ள வந்திட்டான்..."

மீதியை எதிர்ப் பக்கத்துச் சனம் சொன்னது. அந்த ஆரவாரத்துக்கு விளக்கம் தேவையில்லை. அஸ்மியின் தோள் இரண்டும் ஒரு தரம் இறங்கின.

"எப்பிடிப் போச்சி?"

"வலது பக்கம், நிலத்தோட."

"ஸஜீத்?"

"பாஞ்சான். பிந்திட்டான்."

அஸ்மி உள்ளங்கைக்குள்ளால் சொன்னான். "நான் நிண்டிருந்தா புடிச்சிருப்பன்."

சரியான பதில் ஸாஜிதாவிடம் இருந்தது. சரியான பதில்களால் அவளுக்கு வெறுத்துப் போயிருந்தது.

"ஓம், புடிச்சிருப்பாய்," என்றாள்.

"பொய் செல்லாதீங்க ராத்தா," என்றான். அவன் கை அவளுடைய கையைத் தேடி வந்தது. முதலில் கதிரையில் பட்டது, பிறகுதான் பிடித்தது. "இப்ப பந்து எங்க?"

"நடுக் கோட்டுல வெச்சிட்டாங்க," என்றாள்.